வேனிலும் புள்ளும் நிழற்படமும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த நம் முன்னோர், சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனவும், ஆனியும் ஆடியும் முதுவேனில் எனவும் கொண்டனர். யாழ்ப்பாணத்துக்கு இக்காலம் பெரும்பாலும் வறட்சிக் காலமாகும். மாரியில் நிறைந்த குளங்கள் வற்றி வெடிக்கின்றன. கடனீரேரியின் கரைகள் உப்புப் பூத்துக் கிடக்கின்றன. சோளகக் காற்றுப் பனங்கூடல்களைச் சலசலக்கச் செய்து புழுதியை வாரி இறைக்கின்றது. பாடசாலை விடுமுறையும் இப்பருவத்தில் வருகின்றது. கைத்தொலைபேசியிலும் கமரா அமைந்துவிட்ட இந்நாளில், மாணவர் பலர் பறவைகளையும் பிற உயிர்களையும் படம்பிடிக்கப் புறப்படுகின்றனர். இம்முயற்சி போற்றற்குரியதே. ஆயினும், வேனிலின் இயல்பை அறியாது செய்யும் படப்பிடிப்புப் படத்தைக் கெடுப்பதோடு பறவையையும் கெடுக்கும். அது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், வேனிலில் நம்மிடையே வாழும் பறவைகள் எவையெனக் காண்போம். வடதிசைக் குளிருக்கு அஞ்சிப் புரட்டாதி, ஐப்பசியில் வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான் கூட்டங்களும் பங்குனி, சித்திரையில் மீண்டுவிடுகின்றன. அவை சென்றபின் களப்பு வெறுமையாயிற்று என்று எண்ணுவோர் பலர். அது பொருந்தாது. ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா, உப்புக்கொத்தி முதலிய நிலைவாழ் பறவைகள் இனம்பெருக்கும் காலம் இதுவே. இவை மரத்திற் கூடு கட்டுவனவல்ல. வற்றிய களப்பின் சேற்றுத்திடலிலும், உப்பளத்து வரம்பிலும், புல் காய்ந்த தரவையிலும் சிறு குழியே கூடாக, சிறு கற்களும் சிப்பித் துண்டுகளுமே மெத்தையாக முட்டையிடுகின்றன. முட்டையின் புள்ளிகள் மண்ணின் நிறத்தோடு ஒன்றிவிடுதலால், மிதிக்குமளவும் அவை நம் கண்ணிற் படுவதில்லை.

இனி, ஒளியின் இயல்பை நோக்குவோம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ வட அகலக்கோடு 9 பாகை 40 கலையில் உள்ளது. ஆதலின் ஏப்பிரில் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட காலத்திலும் உச்சியினின்று 14 பாகைக்கு மேற் சாய்வதில்லை. அவ்வொளியிற் பறவையின் முதுகு வெளிறும். கண்ணும் வயிறும் இருளில் மூழ்கும். கண் தெளியாத பறவைப் படம் உயிரற்றதாகவே தோன்றும். மேலும், சூடேறிய தரையை அடுத்த காற்றுப்படைகள் வெவ்வேறு அடர்த்தியுடையனவாய் அலையுங்கால், அவற்றினூடே வரும் ஒளி ஓயாது முறிவடைகின்றது. கானல்நீரைத் தோற்றுவிக்கும் அதே காரணமே தொலைப்படத்தையும் மங்கச் செய்கின்றது. 400 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய விலையுயர்ந்த வில்லையும் இக்குறையைப் போக்காது. பறவையோடு கானலின் நடுக்கத்தையும் அது சேர்த்தே பெருப்பித்துக் காட்டும். எனவே, கதிர் தோன்றியபின் வரும் இரண்டு மணி நேரமும், அது மறைவதற்கு முந்திய ஒரு மணி நேரமுமே படப்பிடிப்புக்கு உரியன.

வெண்ணிறப் பறவைகளைப் பற்றியும் ஒரு சொல். கமராவின் ஒளிமானி யாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறத்தனவாகக் கருதியே கணிக்கின்றது. சட்டத்தை நிறைத்து நிற்கும் வெள்ளைக் கொக்கை அது சாம்பற் கொக்காக்கும். அங்கு ஒளியைக் கூட்டுதல் வேண்டும். கரிய நீர்ப்பரப்பிலே சிறிதாய்த் தோன்றும் கொக்கோ இறகுக் கோடுகள் அழிந்து வெறும் வெள்ளைக் கறையாகிவிடும். அங்கு ஒளியைக் குறைத்தல் வேண்டும். பறக்கும் ஆலாவின் சிறகு தெளிய 1/1000 செக்கனோ அதனினும் குறைந்த நேரமோ போதும். இவையெல்லாம் பயிற்சியால் வருவன.

பயிற்சியால் மட்டும் வராதது ஒன்றுண்டு. தாய்ப்பறவை முட்டைமேல் அமர்வது அதனைச் சூடாக்குதற்கே என்று பாடநூலிற் கற்கின்றோம். வேனிற் பகலில் உண்மை இதற்கு மாறானது. முட்டையின் உட்கரு செவ்வனே வளர்தற்கு 37, 38 பாகை சதம அளவை வெப்பம் ஏற்றது. அதனினும் சில பாகை மிகுந்து நீடிப்பின் கரு இறந்துபடும். வெட்டவெளித் தரையோ நண்பகலில் 50 பாகையையும் கடக்கவல்லது. ஆதலின் பறவை அப்போது அமர்வது நிழல் தருதற்பொருட்டேயாம். ஆட்காட்டி அருகிலுள்ள நீருக்குச் சென்று தன் வயிற்றிறகை நனைத்து வந்து, அவ்வீரத்தால் முட்டையைக் குளிர்விக்கும். நாம் அணுகினால் அது எழுந்து தலைக்குமேல் வட்டமிட்டுக் கதறும். அக்கதறலைப் படத்துக்கு உகந்த காட்சியென மகிழ்ந்து நாம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகின்றது. நம் காலடியைத் தொடர்ந்து நாயும் காகமும் வருதலும் உண்டு.

இதனை நான் நூலிலிருந்து மட்டும் கற்றிலேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை விடுமுறையில், தரவையொன்றிலே ஆட்காட்டியின் நான்கு முட்டைகளைக் கண்டேன். காலை பத்து மணி கடந்திருந்தது. கோணம் மாற்றி மாற்றி அரை மணி நேரத்துக்கு மேலாகப் படமெடுத்தேன். மறுவாரம் சென்றபோது முட்டைகள் நான்கும் கிடந்தன, எறும்பு மொய்த்திருந்தது, பறவைகளைக் காணவில்லை. படங்கள் நன்றாகவே அமைந்திருந்தன. அவற்றை இன்றுவரை ஒருவருக்கும் காட்டத் துணிந்திலேன்.

அன்று தொட்டு நான் கைக்கொள்ளும் நெறிகள் சில. கூட்டைத் தேடிச் செல்லுதல் ஆகாது. தற்செயலாகக் கண்டால், வந்த வழியே உடன் விலகுதல் வேண்டும். பறவை எழுந்துவிட்டதாயின் நாம் மிக நெருங்கிவிட்டோம் என்பதே பொருள். கூடிருக்கும் இடத்தைப் படத்தோடு பரப்புதலும் தவறு. இங்கிலாந்திலே கியற்றன் சகோதரர் இருவர், பறவைக்கூடுகளின் நிழற்படங்கள் நிறைந்த நூலொன்றை 1895ஆம் ஆண்டில் வெளியிட்டுப் பெயர்பெற்றனர். பறவை வெருளாதிருத்தற்பொருட்டு உள்ளீடற்ற பொய்யெருது ஒன்றைச் செய்வித்து, அதனுள் மறைந்தும் அவர்கள் படம்பிடித்தனர். நமக்குப் பொய்யெருது வேண்டுவதில்லை. வீதியோரத்தில் நிறுத்திய வாகனத்தினுள் அசையாதிருப்பின், உப்புநீரில் இரைதேடும் நெடுங்கால் உள்ளான் தானே அண்மையில் வரும். பொறுமையே சிறந்த மறைவிடம்.

அதனினும் எளிய வழி ஒன்று நம் வளவிலேயே உண்டு. வேம்பின் நிழலில், பூனை பதுங்க இடமில்லாத வெளியில், அகன்ற மட்சட்டியிலே இரண்டு விரல் ஆழத்துக்கு நீர் வைத்து நாடோறும் மாற்றி வருக. சில நாட்களிற் புலுனிக் கூட்டம் வரும். மைனாவும் செண்பகமும் வரும். அணிலும் சிலவேளை கீரியும் வரும். சன்னலின் பின்னிருந்தே படமெடுக்கலாம். தெருவோரங்களில் ஆவுரோஞ்சிக் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து வாயில்லாச் சீவன்களைப் பேணிய மரபு நம்முடையது. அவ்வறத்தின் தொடர்ச்சியாகப் படம் அமையுமாயின் அதற்கு ஈடான கலை வேறில்லை.

நம் கரைகளில் அறியவேண்டியன இன்னும் பலவுள. மன்னார்க் கரையிலும் வாழும் சிறிய உப்புக்கொத்தி ஒன்று, பரந்த உலகெங்கும் காணப்படும் வேறோர் இனத்தின் கிளையென்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அதனைத் தனியினமெனக் காட்டியது. இராமர் அணையை நினைவூட்டும் வகையில் அனுமனின் பெயரும் அதற்குச் சூட்டப்பெற்றது. கண்முன்னே ஓடித்திரிந்த பறவையை உலகம் இத்துணைக் காலந்தாழ்த்தே இனங்கண்டது. சுண்டிக்குளம் 1938இற் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயின் தரையிற் கூடிடும் பறவை சரணாலயத்தின் எல்லையை அறியாது. அது நம் தரவையிலும் மைதானத்தின் ஓரத்திலும் முட்டையிடும். அங்கே அதற்குக் காவல் நம் மாணவரேயன்றி வேறு யாவர்? எடுத்த படத்தைக் காட்டி மகிழ்வது போலவே, எடாது விட்ட படத்தையும் எண்ணி மகிழக் கற்போமாக.