பார்த்தேன், ஆனால் காணவில்லை

"பாக்கலையா அண்ணே?"

அந்தப் பையன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். திட்டவில்லை, கத்தவில்லை. கீழே சாய்ந்து கிடந்த மோட்டார் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே கேட்டான். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். பின்னால் உணவுப் பெட்டி. முழங்காலில் சிராய்ப்பு. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. முன்விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

புரட்டாசி சனிக்கிழமை. கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு கிளைச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறி வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், மறுபடியும் வலது. சாலை காலி. காரை நகர்த்தினேன். பிரேக் சத்தம் கேட்ட பிறகுதான் அவன் அங்கே இருப்பதே எனக்குத் தெரிந்தது. என் காரில் மோதாமலிருக்க வண்டியை ஒடித்து விழுந்திருக்கிறான். ஓர் அரை நொடி தவறியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்க மாட்டேன்.

கிளினிக்குக் கூப்பிட்டேன். "வேணாண்ணே, ஆர்டர் லேட்டாயிடும்" என்றான். கண்ணாடிக்கென்று ஐம்பது வெள்ளியைக் கையில் திணித்தேன். போய்விட்டான்.

வழி முழுக்க அம்மா பேசவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சொன்னார்: "நீ அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தியேப்பா. நீ பாத்ததை நான் பாத்தேனே."

அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வார்த்தைதான். கைப்பேசியை நோண்டியிருந்தால், அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தால், தப்பு எங்கே என்று தெரிந்திருக்கும். நானோ பார்த்தேன். அவன் இருந்த திசையில், பட்டப்பகலில், என் இரண்டு கண்களாலும். பிறகு எப்படி?

நான் கணக்காய்வு வேலை செய்பவன், மருத்துவன் அல்ல. ஆனால் ஒரு கணக்கு இடித்தால் விடமாட்டேன். அடுத்த சில வாரங்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சாலை விபத்துகளை ஆராய்கிறவர்கள் இதற்கென்றே ஒரு வகை வைத்திருக்கிறார்கள்: ஓட்டுநர் பார்த்தார், ஆனால் காணவில்லை. பார்ப்பது வேறு, காண்பது வேறு என்பது தமிழில் 'கண்டும் காணாமல்' என்று சொல்கிற நமக்குப் புதிதில்லை. நாம் அதை வேண்டுமென்றே செய்வதாக நினைக்கிறோம். மூளை அதை நம்மைக் கேட்காமலே செய்கிறது.

முதலில் கண்ணின் கதை. எதிரே உள்ள காட்சி முழுவதும் பளிச்சென்று தெரிவதாக நாம் நம்புகிறோம். கையை முழுதாக நீட்டி, இரண்டு கட்டைவிரல் நகங்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அகலம்தான் கண் கூர்மையாகப் பார்க்கும் பகுதி. சுற்றியுள்ளதெல்லாம் மங்கல். அதனால்தான் கண் ஒரு நொடிக்கு மூன்று தடவை போல இடம் விட்டு இடம் தாவுகிறது. தாவுகிற அந்தக் கணத்தில் வரும் காட்சியை மூளை பெரும்பாலும் தள்ளிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

சாலைச் சந்திப்பில் தலையை வெடுக்கென்று வலமும் இடமும் திருப்பினேனே, அப்போது நான் பார்த்தது சாலை முழுவதும் அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துண்டுகள். நடுவில் விடுபட்டதை மூளை தானே நிரப்பியது. எதை வைத்து? 'காலிச் சாலை' என்ற அனுமானத்தை வைத்து. போதாததற்கு, கார்க் கண்ணாடியைத் தாங்கும் அந்தப் பக்கத் தூண் ஒரு மோட்டார் சைக்கிளை முழுதாக மறைத்துக்கொள்ளும் அளவுக்குத் தடிமனானது.

இந்த நிரப்பும் வேலையை நம்பாதவர்கள் இரண்டு ஐந்து காசு நாணயங்களை எடுத்து, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் மேசை விரிப்பின் மேல் பக்கம் பக்கமாக வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடப்பக்க நாணயத்தையே பாருங்கள். முகத்தை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நாணயம் ஏறக்குறைய 35, 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும்போது வலப்பக்க நாணயம் காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. அந்தக் குருட்டுப் புள்ளியில் நாணயம் விழுந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அங்கே கறுப்பு ஓட்டை எதுவும் தெரியாது. மேசை விரிப்புதான் தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் புகழ்பெற்ற நரம்பியலாளரான நம்மவர் வி. எஸ். இராமச்சந்திரன் இந்த நிரப்பலைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்து பார்த்தபோது என் அக்கா மகன் ஐந்து நிமிடம் நாணயத்தை விடவில்லை.

ஆனால் கண் மட்டும் காரணமில்லை. கண் நேராகப் பதிந்த பொருளையும் மனம் விட்டுவிட முடியும். 1999-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் நடத்திய கொரில்லா சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி ஒரு காணொளி போட்டார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்டவர் வந்து நின்று மார்பில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அவர் தெரியவில்லை. வீட்டில் போட்டுக் காட்டினேன். எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருவரும் விட்டுவிட்டார்கள். எண்ணாமல் சும்மா உட்கார்ந்திருந்த அம்மா, "குரங்கு எதுக்குடா நடுவுல வருது?" என்றார்.

இதைச் சிரித்துவிட்டு விடலாம். 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வைப் படித்ததும் சிரிப்பு நின்றது. நுரையீரல் ஸ்கேன் படங்களில் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லா உருவத்தை ஒட்டியிருந்தார்கள், சராசரிக் கட்டியை விட 48 மடங்கு பெரியது. 20 பேருக்கு அது தெரியவில்லை. கண் அசைவைப் பதிவு செய்த கருவி சொன்னது: தவறவிட்டவர்களில் பெரும்பாலோர் அதை நேராகவே பார்த்திருக்கிறார்கள். எதைத் தேடுகிறோமோ அதுதான் கண்ணில் படுகிறது. சந்திப்பில் நான் தேடியது காரை, லாரியை, பேருந்தை. என்னை நசுக்கக்கூடியவற்றை. என்னை நசுக்க முடியாத ஒருவனை என் மூளை தேடவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நம் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் வீடுகளில் மோட்டார் இல்லாத வீடு எத்தனை? என் தம்பியும் பெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில்தான் தினமும் வேலைக்குப் போகிறான். அந்தப் பையன் என் தம்பியாக இருந்திருக்கலாம்.

மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்ற சட்டம் இங்கே 1992 செப்டம்பரில் வந்தது. ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஓட்டுபவருக்கு வழி தெரிவதற்காக அல்ல, என்னைப் போன்றவர்களின் கண்ணில் அவர் படுவதற்காக. பேராசிரியர் ராடின் உமாரும் அவர் குழுவினரும் சிரம்பான், ஷா ஆலம் வட்டாரங்களில் ஆராய்ந்து, கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் இதனால் 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். ஒரு சுவிட்ச் செய்த வேலை அது. ஆனால் இன்று கார்களும் பகல் விளக்கோடு வருகின்றன. எல்லாமே மின்னும்போது எது கண்ணில் படும் என்பது என் சந்தேகம். அன்று அவன் விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது?

கைப்பேசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையில் பிடித்துப் பேசினால் 300 வெள்ளி சம்மன் என்று எல்லாருக்கும் தெரியும். காதில் மாட்டிக்கொண்டால் ஆபத்தில்லை என்று நானும் நினைத்திருந்தேன். 2001-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் நடத்திய சோதனையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சிக்கல் கையில் இல்லை, பேச்சில்தான். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது அவ்வளவு மோசமில்லை, அவரும் சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். புலனத்தில் அழைக்கும் மேலாளருக்கு என் முன்னால் லாரி வருவது எப்படித் தெரியும்?

இந்த நேரத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலை நடந்தது.

கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து இறங்கி, துன் சம்பந்தன் சாலை வழியாக அலுவலகத்துக்கு நடப்பது என் வழக்கம். அன்று நின்றபடி கைப்பேசியில் தமிழில் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். காலணியில் எதுவோ தட்டியது. ஒரு வெள்ளைக் கோல்.

"தம்பி, மஞ்சக் கல்லு மேல நிக்கிறீங்க."

குனிந்து பார்த்தேன். பார்வையற்றவர்களுக்காக நடைபாதையில் பதித்த மேடு வைத்த மஞ்சள் கற்கள். பல ஆண்டுகளாக அவற்றின் மேல் நடந்திருக்கிறேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோல்கள் இங்கே அன்றாடக் காட்சி. அன்றாடக் காட்சி என்பதால்தானோ என்னவோ, நான் கண்டதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் போகும் வழியும் என் வழிதான் என்பதால் கூடவே நடந்தேன்.

நடக்க நடக்க அவர் எனக்குத் தெருவைக் காட்டினார். இங்கே மல்லிகை வாசம், பூக்கடை. இப்போது பாட்டுச் சத்தம் இடது காதுக்கு வந்தால் கேசட் கடை. அவர் இன்னும் கேசட் கடை என்றுதான் சொன்னார். இங்கே நம் காலடி ஓசை திடீரென்று மெலிகிறது பாருங்கள், சுவர் முடிந்து சந்து ஆரம்பிக்கிறது. நான் காதைத் தீட்டினேன். முதலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது சந்தில் கேட்டது.

"கண்ணு இல்லேன்னா காது கூர்மையாயிடும்னு சொல்வாங்களே ஐயா?" என்றேன்.

சிரித்தார். "உங்க காதும் என் காதும் ஒண்ணுதான் தம்பி. நீங்க கேக்காததை நான் கேக்குறேன்."

அறிவியல் அவரோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறது. மீதிக் கால்வாசி இன்னும் சுவையானது. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் எழுத்தைத் தடவிப் படிக்கும்போது, பார்வைக்கென்று உள்ள மூளைப் பகுதி வேலை செய்வதை 1996-இல் ஒரு குழு பதிவு செய்தது. வேலையில்லாமல் இருந்த இடத்தை மூளை சும்மா விடவில்லை. சரி, அவருக்கு எது பயம் என்று கேட்டேன். "மஞ்சக் கல்லு மேல நிறுத்தி வைக்கிற மோட்டாருதான்" என்றார். அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை.

இதையெல்லாம் கேட்ட அப்பாவின் நண்பர் ஒருவர், "நம்ம ஆளுங்க நூறு வேலையை ஒரே நேரத்துல கவனிச்சாங்கப்பா" என்று மடக்கினார். அவர் சொன்னது சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியவர். முதுகில் விழும் பொருளை எண்ணிக்கொண்டு, மணியோசையைக் கணக்கு வைத்துக்கொண்டு, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடுவது போன்றவை அவதானக் கலையில் அடக்கம். எனக்கு அதில் வியப்புக் குறைவில்லை. ஆனாலும் அவதானி ஒரே கணத்தில் நூறையும் பார்ப்பதில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொன்றாகத் தொட்டு, நினைவில் மாட்டி வைத்து, அடுத்ததற்குத் தாவி, திரும்பி வந்து எடுக்கிறார். அதற்கு ஆயுள் முழுக்கப் பயிற்சி வேண்டும். தே தாரிக் குடித்துக்கொண்டு, புலனம் படித்துக்கொண்டு, கார் ஓட்டும் எனக்கு அந்தப் பயிற்சி இல்லை.

நினைவில் மாட்டி வைப்பது என்றேனே, அதுதான் எனக்குக் கைகொடுத்தது. 2019-இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓட்டுநர்களைச் செயற்கைக் காரில் உட்கார வைத்துச் சந்திப்புகளைக் கடக்கச் சொன்னார்கள். கடந்ததும் என்னென்ன வண்டிகள் வந்தன என்று கேட்டார்கள். சிலர் மோட்டார் சைக்கிளைச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கண் அதைப் பார்த்திருந்தது. பார்த்த பின் மறுபக்கம் திரும்பிய சில நொடிகளில் அது நினைவிலிருந்து நழுவிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். அவர்கள் சொன்ன வழி எளிது: மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணில் பட்டது நழுவினாலும் வாயில் வந்தது நிற்கும்.

இப்போது அதைச் செய்கிறேன். சந்திப்பில் தலையை மெதுவாகத் திருப்பி, இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி, தூணைத் தாண்டிக் கொஞ்சம் சாய்ந்து பார்த்து, "மோட்டார்" என்று சத்தமாகச் சொல்கிறேன். அலுவலக நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பின்னால் வரும் கார்கள் ஹார்ன் அடிக்கின்றன.

போன சனிக்கிழமை அதே கோயில், அதே கிளைச் சாலை. நிறுத்தினேன். வலது பக்கம் பார்த்தேன்.

"மோட்டார்" என்றேன்.

"ரெண்டு" என்றார் அம்மா.

நான் ஒன்றைத்தான் பார்த்திருந்தேன்.