ஒரே கட்டத்தில் மும்முறை ஒளி

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் தயாரித்து 1940-ஆம் ஆண்டு வெளிவந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டையராகத் தோன்றியதைக் கண்டு அதிசயித்தவர்களில், அந்த அதிசயத்துக்குப் பின்னே வெள்ளி உப்பின் ரஸாயனம் நின்றதை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே இருந்திருப்பர். அசையாது நிறுத்திய காமிராவின் முன் ஒரு பாதியைக் கறுப்பு மறைப்பால் மூடி, நடிகரை மறுபாதியில் நடிக்கச் செய்து, பிறகு பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே திரும்பச் சுற்றி, மறைப்பை இடம் மாற்றி, அதே நடிகரை வேறு உடையில் எதிர்ப்புறம் நிறுத்தி மீண்டும் ஓடவிடுவதே அக்காலத்து இரட்டை வேடக் காட்சிகளுக்கு வழக்கமான உபாயம். காமிரா மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு விழுந்து மாயம் கலைந்துவிடும்.

இதற்கு இடந்தருவது பிலிமின் சுபாவம். ஜெலட்டினில் பரவியிருக்கும் வெள்ளி உப்புத் துகள்களில் ஒளி பட்டவற்றில் மட்டும் சில வெள்ளி அணுக்கள் திரண்டு, கண்ணுக்குப் புலப்படாத பிம்பம் உண்டாகிறது. ஒளி படாதவை அடுத்த ஒளிக்காகப் பழுதின்றிக் காத்திருக்கின்றன. ஆகவே இக்கலைக்கு மூலதனம் இருளே என்பேன். ஒரே பிரகாசமுள்ள காட்சிகளை இருமுறை பதிப்பதானால் ஒவ்வொரு முறையும் பாதி ஒளி போதும், நான்கு முறையானால் கால்பங்கு. பின்புலம் கும்மிருட்டாயின் இந்தக் குறைப்பும் வேண்டியதில்லை.

பல்லவ நந்திவர்மன் போர் வென்ற தெள்ளாரில், ஆரணிப் பட்டு நெய்யும் தறியைவிட, ஒரே கட்டத்தில் பலமுறை ஒளி பதிக்கும் பரிசோதனைக்கு உகந்த பொருள் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தறிக்கு எதிரே முக்காலியில் காமிராவை இறுக்கி, வண்ணப் பிலிமின் ஒரே கட்டத்தில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியே அடுத்தடுத்து மும்முறை ஒளியைப் பாய்ச்சினால், அசையாத தறிச்சட்டமும் சுவரும் மூன்று ஒளியையும் ஒருங்கே பெற்று இயல்பான வண்ணத்தில் நிற்க, ஓடும் நாடாவும் அதை ஏவும் கையும் மாத்திரம் நிறம் பிரிந்து நிற்கும். இருண்ட பின்புலத்தில் வெள்ளைச் சட்டைக் கை முதலில் இருந்த இடத்தில் சிவப்பாகவும், நகர்ந்த இடங்களில் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றும். வெளுத்த சுவரின் முன் கறுத்த பொருள் நகர்ந்தாலோ, சிவப்பு தடைபட்ட இடம் நீலப்பச்சையாகவும், பச்சை தடைபட்ட இடம் ஊதாச்சிவப்பாகவும், நீலம் தடைபட்ட இடம் மஞ்சளாகவும் மாறிவிடும். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த பட்டில் மூன்றாவதொரு நிறம் பிறப்பதை நித்தியம் காணும் ஊராருக்கு இதை விளக்க அதிகப் பிரயாசை வேண்டியிராது. 1861-இல் விஞ்ஞானி மாக்ஸ்வெல் லண்டனில் மூவண்ணத் தத்துவத்தை நிரூபிக்கக் காட்டியதும் ஒரு துணி ரிப்பனின் படமே.

பிலிம் கிடைக்காவிடினும் குறையில்லை. டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் வசதி உண்டு. அங்கே உப்புத் துகள் செய்த கூட்டலை எண்கள் செய்கின்றன. தெள்ளார், வந்தவாசி, ஆரணிப் பக்கத்துப் பள்ளிகளின் விஞ்ஞான ஆசிரியர்கள், நெசவாளரின் சம்மதம் பெற்று, மாணவரை ஒருநாள் தறிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று இதைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒளி விட்ட நேரத்தை நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.