சிறு சர்வகலாசாலைகளும் பயிற்றுநர் வேதனமும்

அமெரிக்காவிலே ஃபுட்போல் எனப்படுவது பிற நாட்டார் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், எதிரியை மோதிச் சாய்த்தும் ஆடுவது. அதிற் பேர்பெற்ற அலபாமா சர்வகலாசாலையின் தலைமைப் பயிற்றுநராயிருந்த நிக் சேபன், 2024இல் ஓய்வுபெறுமுன் ஆண்டொன்றுக்கு ஒரு கோடி டொலருக்கு மேல் வேதனம் பெற்றார். தொலைக்காட்சி உரிமை, நுழைவுச்சீட்டு, செல்வந்தரின் நன்கொடை ஆகியன தாங்கும் வேதனம் அது.

சிறிய சர்வகலாசாலைகளுக்கு அந்த ஊற்று இல்லை. ஆயினும் அங்கும் பயிற்றுநர் ஒருவர் போதாது. தாக்குவோருக்கும் தடுப்போருக்கும் தனித்தனி உதவியாளர் வேண்டும். அவர்களுடைய வேதனத்துக்கு மாணவர் கட்டணமும் சர்வகலாசாலையின் பொது நிதியுமே பெரும்பாலும் கைகொடுக்கின்றன. மைதானத்தின் பக்கம் எட்டியும் பாராத மாணவன் இதற்குப் பங்கு செலுத்துகின்றான்! பட்டமேற்படிப்பு மாணவர் சிலர், கட்டண விலக்கும் சிறு படியும் பெற்றுப் பயிற்சியளிப்பதும் உண்டு. இத்தனைக்கும் பின், திறமை காட்டிய பயிற்றுநரைப் பெரிய சர்வகலாசாலையொன்று கூடிய வேதனத்துக்கு அழைத்துக்கொள்ளும்.

எஞ்சிய வழி, பெரிய குழுவின் மைதானத்துக்குச் சென்று பணம் பெற்று ஆடுதல். தோல்வி ஏறக்குறைய நிச்சயம், அடிபடுவோர் மாணவர். 2007இல் மிச்சிகன் சர்வகலாசாலை 4 இலட்சம் டொலர் கொடுத்து, வட கரோலினாவின் அப்பலாச்சியன் அரச சர்வகலாசாலைக் குழுவை அழைத்தது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில், அழைக்கப்பட்டவர்களே 34–32 என்று வென்றனர். பணமும் அவர்களுக்கே.