சிம்கோவில் படகு இறக்கும் முன்

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, நன்றாக விடியாத நேரம். சிம்கோ ஏரியின் தென்கரையில், படகு இறக்கும் சரிவில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. தகப்பன், பத்து வயது மதிக்கத்தக்க மகன், தகப்பனின் நண்பர் ஒருவர். பதினான்கு அடி அலுமினியப் படகு. அதன் அணியத்துக்குள் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் மூன்று, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் செருகிக் கிடந்தன. "இப்பவே போட்டுக்கொள்ளலாமே" என்றேன். "அண்ணை, நான் பருத்தித்துறை. கடலுக்குள்ளதான் வளர்ந்தனான்" என்று சிரித்தபடி சொன்னார்.

அவர் சொன்னது உண்மைதான். நீச்சலில் அவரை நான் வெல்லமாட்டேன். ஆனால் அவர் நீந்திப் பழகிய கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. அன்றைக்கு சிம்கோவில் கையை வைத்த ஒரு நிமிடத்துக்குள் விரல்கள் மரத்துப்போயின. ஒன்ராறியோவின் ஏரிகளில் வெயில் முதலில் சூடாக்குவது காற்றைத்தான். தண்ணீர் சூடாகப் பல கிழமைகள் பிடிக்கும். ரீ-சேர்ட்டோடு நிற்கக்கூடிய ஒரு மே மாத மதியத்திலும் ஏரிக்குள் ஏப்ரல்தான் இருக்கும்.

குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன நடக்கிறது என்பதை மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தன் உடம்பையே குளிர்நீரில் இறக்கிப் பரிசோதித்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இராது. உடம்பு தானாகவே வாயைத் திறந்து காற்றை இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுபடுவது தண்ணீர். அடுத்த 10 நிமிடங்கள்தான் கையும் காலும் சொன்னதைக் கேட்கும். அதற்குப் பிறகு விரல் மடங்காது, கயிற்றைப் பிடிக்க முடியாது, நீச்சல் வராது. உடற்சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும் என்றால், லைஃப் ஜாக்கெட் முன்பே உடம்பில் இருக்கவேண்டும். விழுந்த பிறகு தண்ணீருக்குள் அதை மாட்டிக்கொள்வது திறமான நீச்சல்காரருக்கும் பெரும்பாடு. உறை பிரிக்காத ஜாக்கெட்டை எப்போது பிரிப்பது, எப்போது மாட்டுவது?

விழுவது எப்படி என்பதையும் பார்க்கவேண்டும். பெரும் புயல் தேவையில்லை. மீன் கடித்த அவசரத்தில் மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். சிறுநீர் கழிக்க ஒருவர் விளிம்பில் எழுந்து நிற்கிறார் (சொல்லக் கூச்சமான விஷயம், ஆனால் ஆண்கள் இப்படியும் சாகிறார்கள், ஒரு வெற்றுப் போத்தல் இதைத் தடுக்கும்). நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டுகிறார்கள். இஞ்சினின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்பக்கத்தை நங்கூரக் கயிறு இன்னும் கீழே இழுக்க, அந்த வழியாக அலை உள்ளே ஏறிவிடும். நங்கூரத்தை எப்போதும் அணியத்திலேயே கட்டுங்கள். இஞ்சினோடு வரும் சிவப்புச் சுருள் கயிற்றை ஓட்டுபவர் உடம்பில் கொழுவிக்கொள்ளவேண்டும். அவர் விழுந்தால் இஞ்சின் நின்றுவிடும். கொழுவாவிட்டால் ஆளில்லாத படகு சுழன்று அவர் மேலேயே வரக்கூடும்.

சிம்கோ 722 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள ஏரி. ஆகக் கூடிய ஆழம் 41 மீற்றர்தான். இப்படி அகன்று ஆழம் குறைந்த தண்ணீரில் காற்று எழும்பினால் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரும். ஊரில் வாடையையும் சோளகத்தையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் நாங்கள். இங்கேயும் புறப்படுமுன் காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, மேற்குக் காற்று வலுக்கும் என்றால் கிழக்குக் கரையில் படகு இறக்காமல் இருக்கலாம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். தொலைபேசியை நீர்புகாத பையில் போட்டு, காரில் வைக்காமல், கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சட்டம். கனடாவில் இஞ்சின் பூட்டிய எந்த உல்லாசப் படகை ஓட்டுபவருக்கும் படகோட்டும் தகைமை அட்டை வேண்டும். நம்மவர்கள் பொதுவாக 'போட் லைசன்ஸ்' என்பது இதைத்தான். 2009 செப்டம்பர் முதல் எல்லா வயதினருக்கும் இது கட்டாயம். இணையத்தில் படித்துப் பரீட்சை எழுதி எடுக்கலாம், ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுவதும் செல்லும். இல்லாமல் பிடிபட்டால் தண்டம் 250 டொலர். காற்றடித்த ரப்பர் படகில் சின்ன மின்சார மோட்டரைப் பூட்டிவிட்டு "இது இஞ்சின் இல்லைத்தானே" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்சார மோட்டரும் மோட்டர்தான், அதற்கும் அட்டை வேண்டும். துடுப்பால் மட்டும் வலிக்கும் படகுக்கு வேண்டாம். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட இஞ்சின் என்றால் படகுக்கே தனியாக ஒரு இலக்கமும் எடுத்து, இரு பக்கமும் தெரியும்படி ஒட்டவேண்டும்.

படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான, கனடாவில் அங்கீகரிக்கப்பட்ட லைஃப் ஜாக்கெட் ஒன்று இருந்தே ஆகவேண்டும். காற்று நிரம்பி ஊதும் வகை 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் 36 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஏற்றதல்ல. 6 மீற்றருக்கு உட்பட்ட படகில் 15 மீற்றர் நீளமான மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது நங்கூரம், தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், விசில், நீர்புகாத ரோச் லைட் ஆகியவை வேண்டும். இருட்டில் ஓடுவதென்றால் படகு விளக்குகள். ஒரு பழைய பால் கான் அடியை வெட்டினால் இறைக்கும் பாத்திரம் தயார்.

பியர் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். நிலையான படுக்கை, சமையல், கழிப்பறை வசதிகள் உள்ள படகு நங்கூரமிட்டோ துறையில் கட்டியோ நிற்கும்போது மட்டுமே ஒன்ராறியோவில் படகில் குடிக்கலாம். நமது பதினான்கு அடி அலுமினியப் படகில் எந்த நேரமும் குடிக்கக்கூடாது. குடித்துப் படகு ஓட்டுவது, குடித்துக் கார் ஓட்டுவது போலவே குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும். கார் லைசன்ஸும் நிறுத்தப்படும். வேலைக்குக் கார் ஓட்டிப் போகும் குடும்பத்துக்கு அது என்ன இழப்பு என்று நான் விளக்கத் தேவையில்லை.

"நாங்கள் மீன் பிடிக்கிறோம், மற்றப் படகுதான் விலகவேண்டும்" என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது பிழை. கடற்போக்குவரத்து விதிகள் மீன்பிடிக் கலம் என்று சொல்வது, வலையோ வேறு கருவியோ இழுப்பதால் திரும்ப முடியாமல் இருக்கும் கலத்தை. தூண்டில் போட்டவர் அதில் அடங்கமாட்டார். வலப்பக்கமிருந்து குறுக்கே வரும் இஞ்சின் படகுக்கு நாம்தான் வழிவிடவேண்டும். ஒடுங்கிய கால்வாய் வழியில் நங்கூரமிடுவதைத் தவிர்க்கவேண்டும். வழிகாட்டும் மிதவையில் படகைக் கட்டுவது குற்றவியல் சட்டப்படி குற்றம். மீன் அங்கேதான் கூடும் என்று தெரிந்தாலும் கட்டாதீர்கள்.

மரியாதை என்று நாம் நினைக்கும் பலதும் இங்கே சட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. சிறு கலங்களுக்கான விதிகளில், மற்றவர்களைக் கருத்தில் எடுக்காமல் படகோட்டுவதே குற்றம். கரையிலிருந்து 30 மீற்றருக்குள் பொதுவாக மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. நீங்கள் கிளப்பும் அலை இன்னொருவரின் படகைத் துறையில் மோதவைத்தால் பொறுப்பு உங்களுடையது. நங்கூரமிட்டு நிற்கும் படகைக் கடக்கும்போது வேகத்தை அடக்குங்கள், கயிறு விழுந்திருக்கும் பக்கத்தைத் தவிர்த்துப் போங்கள். ஒருவர் மீன் இழுக்கிறார் என்பதற்காக அவர் பக்கத்தில் போய் நங்கூரம் போடுவது பண்பில்லை. சரிவில் நின்று ஐஸ் பெட்டி அடுக்குவதும் றொட் பூட்டுவதும் வேண்டாம். எல்லாவற்றையும் வாகனத் தரிப்பிடத்தில் முடித்துவிட்டு வந்தால் படகு இறக்க ஐந்து நிமிடம் போதும். பின்னால் பத்து வாகனம் காத்திருக்கும்போது அந்த ஐந்து நிமிடத்தை வைத்தே நம்மை எடைபோடுகிறார்கள். திரும்பும்போது அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, பாசியையும் சிப்பியையும் துடைத்துவிட்டே வீதிக்கு ஏற்றவேண்டும். 2022 முதல் இதுவும் சட்டம். இரை வாளியைத் தண்ணீரிலோ அதிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டக்கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகு உரிமையைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 2007இல் இதே சிம்கோ கரையிலும் ஒன்ராறியோவின் வேறு இடங்களிலும் ஆசிய வம்சாவளித் தூண்டில்காரர்களைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள், பொருட்களை உடைத்தார்கள், கல்லெறிந்தார்கள். அந்தச் செப்டம்பரில் ஜோர்ஜினாப் பகுதியில் நடந்த ஒரு தாக்குதலும் காரில் துரத்தலும் ஓர் இளைஞரை மிகக் கடுமையான காயத்தோடு விட்டன. நவம்பரில் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் விசாரணை தொடங்கி, 2008இல் 'அச்சமின்றி மீன்பிடித்தல்' என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. இன்றும் சில கரைகளில் "லைசன்ஸைக் காட்டு" என்று தனியார் மிரட்டுவதுண்டு.

படகு ஓடக்கூடிய ஏரிநீர் பொதுச்சொத்து. வீட்டுக்காரருக்குத் தன் கரையும் துறையும் சொந்தம், அதன் முன்னால் கிடக்கும் தண்ணீர் சொந்தமல்ல. துறையில் ஏறவோ கயிறு கட்டவோ தூண்டில் முள்ளை அவர் படகின் சீலையில் மாட்டவோ நமக்கு உரிமையில்லை. நிலத்திலிருந்து போகச் சொன்னால் உடனே போய்விடவேண்டும். ஆனால் சட்டப்படி மீன் பிடிப்பவரை வேண்டுமென்றே குழப்புவது ஒன்ராறியோவின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குற்றம். 18 முதல் 64 வயது வரையுள்ளவர்கள் மீன்பிடி அனுமதியைக் கையில் வைத்திருக்கவேண்டும். அதைப் பார்க்கும் அதிகாரம் பாதுகாப்பு அதிகாரிக்கும் பொலிஸாருக்கும் உண்டு. அவர்கள் கேட்டால் தயங்காமல் காட்டுங்கள். தனியாருக்குக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

மிரட்டினால் வாக்குவாதம் வேண்டாம், தூரத்துக்கு விலகுங்கள். நேரம், இடம், படகு இலக்கம் ஆகியவற்றைக் குறித்து, முடிந்தால் காணொளி எடுங்கள். தாக்கினால் அல்லது ஆபத்து என்றால் 911. இனத்தைச் சொல்லித் திட்டியிருந்தால் அந்தச் சொற்களை அப்படியே முறைப்பாட்டில் பதியச் சொல்லுங்கள். மீன்பிடியைக் குழப்பியது பற்றி இயற்கைவள அமைச்சின் 1-877-847-7667 இலக்கத்தில் முறையிடலாம். மரினாவோ படகு வாடகைக் கடையோ இனம், நிறம் பார்த்துச் சேவை மறுத்தால் ஓராண்டுக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம்.

அன்று அந்தப் பையன்தான் முதலில் உறையைப் பிரித்தான். ஜாக்கெட் பெரிய ஆளுக்கானது. தோள்ப்பட்டையைப் பிடித்து மேலே தூக்கியதும் காதுவரை ஏறியது. தகப்பன் அதைப் பார்த்துவிட்டுப் படகைத் திரும்ப இழுவை வண்டியில் ஏற்றினார். பிள்ளைகளின் ஜாக்கெட் ஒவ்வோர் ஆண்டும் அளவு தப்பிப்போகும். வருகிற சனிக்கிழமைக்கு முன் வீட்டிலேயே ஒருமுறை போட்டு, தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்.