பந்தடிக்கத் தெரிந்தால் போதுமா? பிறந்த தேதியும் சரியாக இருக்கணும்!



நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால், "எம்புள்ள நல்லா விளையாடுறான், டீம்ல சேர்க்க மாட்டேங்குறாங்களே" என்று கவலைப்படும் தாய் தகப்பன்மாரும் உண்டு. திறமை இருந்தும் கடதாசி சரியில்லாவிட்டால் பிள்ளை கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டி வரும்.

வயது எப்படிப் பார்க்கிறார்கள்?

பாடசாலைப் போட்டிகள் 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து நடத்தப்படுகின்றன. எந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள் விளையாடலாம் என்பது அந்தந்த வருடத்துச் சுற்றறிக்கையில் இருக்கும். விளையாட்டு ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஆள் உயரமா, குட்டையா என்பது கணக்கில்லை. பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான் கணக்கு.

வயதைக் குறைத்துச் சொன்னால் என்ன?

"ரெண்டு வயசுதானே, யாருக்குத் தெரியப் போகுது?" என்று நினைக்காதீங்க. மெக்சிக்கோ நாடு 20 வயதுக்குட்பட்டோர் அணியில் வயது கூடிய நாலு பேரையாவது சேர்த்து விளையாடியது. 1988இல் குட்டு வெளிப்பட்டது. அந்த நாட்டின் எல்லா அணிகளுக்கும் இரண்டு வருடத் தடை! தப்புச் செய்யாத பெரிய அணியும் 1990 உலகக் கிண்ணத்தில் விளையாட முடியாமல் போனது. 2009 முதல், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. படம் பிடித்து வயதைச் சோதிக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. குழந்தை பிறந்தால் தாமதிக்காமல் தோட்ட நிர்வாகத்துக்கு அறிவித்துப் பதிவு செய்யுங்கள். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று விண்ணப்பித்து அலைய வேண்டி வரும்.

2. பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலை இடாப்பிலும் பெயர், முதலெழுத்து, தேதி மூன்றும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் "இராஜா", மற்றதில் "ராசா" என்றிருந்தாலும் கேள்வி வரலாம். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் திருத்த வழி கேளுங்கள். ஒரு நாள் பேர் போகுதேன்னு பார்க்காதீங்க.

3. 15 வயது பூர்த்தியானதும் அதிபர் மூலம் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

படிப்பும் வேண்டும்

விளையாட்டில் சிறந்தவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு எடுக்க விசேட அனுமதி முறை ஒன்று இருக்கிறது. அதற்கும் உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்திருக்க வேண்டும். ஆகவே பந்துக்காகப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. போட்டிச் சான்றிதழ்களையும் பத்திரமாக வையுங்கள்.

மகன் என்றாலும் மகள் என்றாலும் காலில் உள்ள திறமை பிள்ளையுடையது. அதற்குரிய கடதாசியைச் சரியாக வைத்திருப்பது நம் பொறுப்பு. இன்றைக்கே ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்!