விலக்கு போதாது, உரிமை வேண்டும்

விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது குல்லூர்சந்தை முகாம். இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் அலையலையாக வந்த ஈழத்தமிழர்களுக்குத் தமிழகமெங்கும் அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அதுவும் ஒன்று. 2021இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய் நலத்திட்டங்களை அறிவித்தது. அகதி முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆனால் தணிக்கை நாள் மாறவில்லை. அன்று அதிகாரி பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். வெளியூர் வேலைக்குப் போனவரும் வந்து நின்றாக வேண்டும்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9க்குள் தஞ்சமடைந்து பதிவு செய்த ஈழத்தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, தங்கலாம் என்பது வேறு. ஜெர்மனியில் அகதியாக ஏற்கப்பட்டவருக்கு மூன்றாண்டு வதிவிட அனுமதி தருகிறார்கள். அதைப் புதுப்பிக்கலாம்; நிபந்தனைகள் நிறைவேறினால் நிரந்தர அனுமதிக்கும் வழியுண்டு.

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லையே என்பார்கள். உண்மை; ஆனால் சொந்தச் சட்டம் இயற்ற அது தடையில்லை. பாதுகாப்பு என்ன ஆவது என்றால், காலக்கெடுவுள்ள அனுமதி ஒவ்வொரு புதுப்பிப்பிலும் சரிபார்ப்புக்கு இடம் தருகிறது. இலங்கையில் போர் முடிந்ததே, திரும்பலாமே என்பவர்களுக்கு ஒரு பதில்: விரும்புவோர் போகட்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குத் திரும்ப எந்த ஊர் இருக்கிறது? அவர் கையில் தேதியிட்ட ஓர் அனுமதிச்சீட்டாவது இருக்கட்டும்.