எளிய மலைமுகடு

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரி மாவட்டம் எனப்படும் பகுதியில், 950 மீற்றர் உயரமான ஹெல்வெலின் மலை உள்ளது. ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்னும் ஒடுங்கிய பாறைமுகடு ஒன்று கிழக்கிலிருந்து அதன் சிகரத்தை நோக்கிச் செல்கின்றது. கயிறின்றிக் கடக்கத்தக்க எளிய வழியென்று மலையேறுவோர் இதனை வகுத்துள்ளனர். ஆயினும் இம்முகட்டிலே உயிரிழந்தோரும் உளர். எளிய வழி கொடிய வழியாவது எவ்வாறு?

முகடு தோன்றிய வகையே இதனை விளக்கும். பனிக்கட்டிக் காலத்தில் இருபுறமும் பனிக்கட்டியாறுகள் மலையைக் குடைந்தன. இடையே எஞ்சிய சுவரே இம்முகடு. வடபுறப் பள்ளத்தில் ரெட் டார்ன் ஏரி கிடக்கின்றது. ஆகவே கால் இடறினால் இருபுறமும் சரிவேயன்றி வேறில்லை.

உலர்ந்த கோடைநாளில் பாறை நல்ல பிடி தரும். முகடு முடியுமிடத்தில் மட்டும், பாறையை நோக்கித் திரும்பிக் கையும் காலும் ஊன்றி ஒரு பிளவின் வழியே இறங்கவேண்டும். மழையில் அதே பாறை வழுக்கும். மாரியிற் பனி உறைந்தபின், பனிக்கோடரியும் காலணியிற் பூட்டும் இரும்பு முட்களும், அவற்றைக் கையாளும் பயிற்சியும் இன்றி ஏறலாகாது.

1805ஆம் ஆண்டு ஏப்பிரலில் சார்ள்ஸ் கஃப் என்னும் இளம் ஓவியர் தம் நாயுடன் தனியே இம்மலையைக் கடக்கப் புறப்பட்டார். மூன்று மாதங்களின் பின்னரே அவர் உடல் ரெட் டார்ன் ஏரியருகே காணப்பட்டது. நாய் அப்பொழுதும் அவ்விடத்தை விட்டு நீங்கவில்லை.

முகட்டின் நடுவிலிருந்து திரும்புவதும் முன்னேறிச் செல்வதைப் போலவே கடினம். ஆதலால் காற்றும் முகிலும் மிகுந்த நாளில், முகட்டின் தொடக்கத்திலேயே திரும்பிவிடுதல் அறிவுடைமையாகும்.